ஒருவழிப் பாஸ்போர்ட்

பிப்ரவரி 24

வாண்டு அப்பாவுக்கு,

நேற்று போனில் நாம் பேசியதற்குப் பேச்சு என்று பெயர் இல்லை. இடுப்பெலும்பு உடைந்து பக்கத்து அறையில் படுத்திருக்கிற என் அப்பா, "என்னம்மா, மாப்பிள்ளையோட சண்டையா?" என்று கேட்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை. அதனால் இனிமேல் இப்படி வைத்துக்கொள்வோம். வீடியோவில் குழந்தையை மட்டும் காட்டுங்கள். நமக்குள் பேச வேண்டியதை மெயிலில் எழுதுங்கள். எழுதும்போது கத்த முடியாது.

நான் இங்கே வந்து நாற்பத்தாறு நாள் ஆகிறது. அப்பா வழுக்கி விழுந்தார் என்று போன் வந்த மறுநாளே விமானம் ஏறினேன். ஒன்பதரை மாதக் குழந்தையை விட்டுவிட்டு எந்தத் தாயாவது கிளம்புவாளா? நான் கிளம்பினேன். அவளுக்குப் பாஸ்போர்ட் இல்லை, வேறு வழியும் இல்லை. பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று வந்தவளுக்கு அங்கே தங்கும் அனுமதி முடிந்துபோனது. புதிதாக விண்ணப்பித்துவிட்டுக் காத்திரு என்கிறார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை.

அவளுக்கு ஏன் பாஸ்போர்ட் இல்லை? பிறந்ததிலிருந்து வாரம் தவறாமல் கேட்டேன். ஒரு வாரம் "சைட் வேலை செய்யல" என்றீர்கள், அடுத்த வாரம் "பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு வரல" என்றீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

நேற்று வீடியோவில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று பூரித்துப் போனேன். அப்புறம் பார்த்தால், போனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த கீழ்வீட்டம்மாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். என்னைப் பார்த்தபோது போனை நக்கப் பார்த்தாள்.

எனக்கு என் குழந்தை வேண்டும். அவள் என்னை மறப்பதற்குள் வேண்டும். நான் அங்கே வர முடியாவிட்டால் அவள் இங்கே வரட்டும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள்.

வாண்டு அம்மா

*

பிப்ரவரி 26

வாண்டு அம்மாவுக்கு,

சரி, எழுதுகிறேன். எனக்கு எழுத வராது என்று உனக்கே தெரியும். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் நான் எழுதுவதெல்லாம் "பழுது, படியில் செல்லவும்" என்கிற ஒரே வரிதான்.

முதலில் வாண்டு. நன்றாகச் சாப்பிடுகிறாள். மேல்வரிசையில் இரண்டாவது பல் எட்டிப் பார்க்கிறது. வேலைக்குப் போகும்போது கீழ்வீட்டம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். அந்த அம்மா பேசும் பாஷை எனக்கு அரைகுறை, நம் பாஷை அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் வாண்டுக்கும் அவருக்கும் எல்லாம் புரிகிறது. நான்தான் நடுவில் திருதிருவென்று விழிக்கிறேன்.

பாஸ்போர்ட் விஷயம். நம் தூதரகத்தின் ஆன்லைன் பக்கத்தில் நேற்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். முழு பாஸ்போர்ட் என்றால் பதினாலு வாரமாம். ஆனால் சின்னக் குழந்தைகளுக்குத் தற்காலிகப் பாஸ்போர்ட் என்று ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு வேலைநாளில் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு விஷயம், அது ஒருவழி. ஊருக்குப் போகலாம். அதைக் காட்டி இங்கே திரும்ப முடியாது. திரும்புவதற்கு அங்கேயே முழு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அதற்கு நாம் இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சரி, விடு, அதை அப்புறம் பேசுவோம்.

ஆவணம் ஏற்றும் இடத்தில் ஒரு சிக்கல். உன் பெயருக்குப் பின்னால் உன் அப்பா, என் பெயருக்குப் பின்னால் என் அப்பா, அவள் பெயருக்குப் பின்னால் நான். மூன்று பேரும் மூன்று குடும்பம் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு கல்யாணச் சான்றிதழ் கொண்டா என்கிறது. எங்கே வைத்தாய்?

போட்டோதான் பாடாய்ப் படுத்துகிறது. ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், நேராகப் பார்க்க வேண்டும், பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், பிடித்திருப்பவர் கை தெரியக் கூடாது. இந்த விதியை எழுதின மனுஷன் குழந்தையே பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தாலும் பொண்டாட்டி தூக்கி வைத்திருக்கும்போது எட்ட நின்று பார்த்திருப்பான். நான் வெள்ளைப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவளை மடியில் வைத்து, கீழ்வீட்டம்மாவைப் படம் எடுக்கச் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து "அப்பாதாண்டா, சிரிக்காதடா" என்று குரல் வந்ததும் வாண்டு வீல் என்று கத்தினாள். அந்த அம்மா குலுங்கிச் சிரித்த சிரிப்பில் பத்துப் படமும் ஆடிப்போய்விட்டது.

நாளைக்கு மறுபடி முயற்சி.

வாண்டு அப்பா

*

மார்ச் 1

வாண்டு அப்பாவுக்கு,

போர்வைக் கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று என்னைத் திட்டினார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

கல்யாணச் சான்றிதழ் துணி அலமாரியில், மேல் தட்டில், என் குளிர்கோட்டுக்கு அடியில் நீலப் பையில் இருக்கிறது. தேடும்போது கோட்டை இழுத்துப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் கேட்டது நியாயம்தான். மூன்று பேரும் ஒரே குடும்பமா என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

போட்டோ எடுப்பது சாப்பிட்டு முடித்துக் கால் மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். அதற்கு முன்னால் என்றால் பசி, அப்புறம் என்றால் தூக்கம். கூப்பிட்டால் வாயைத் திறப்பாள், அதனால் கூப்பிடாதீர்கள். ஏதாவது மினுங்கினால் வாயை மூடிக்கொண்டு உற்றுப் பார்ப்பாள். இதெல்லாம் இரண்டு மாதத்துக்கு முந்தைய வாண்டு. இப்போதும் அப்படித்தானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"அப்புறம் பேசுவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்புறத்தை நான் பார்க்காததா? இந்தத் தடவை அப்புறம் எல்லாம் கிடையாது, சொல்லிவிட்டேன்.

வாண்டு அம்மா

*

மார்ச் 5

வாண்டு அம்மாவுக்கு,

போட்டோ முடிந்தது! எப்படி என்று கேள்.

பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் நேற்று ஒரு லிஃப்டை சர்வீஸுக்கு நிறுத்தி வைத்திருந்தோம். உள்சுவர் கீறிவிடாமல் இருக்க நாலு பக்கமும் வெள்ளைப் பலகை அடித்திருந்தார்கள். மேலே வரிசையாக விளக்கு, நிழல் என்பதே இல்லை. பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய்க் கீழ்வீட்டம்மாவையும் வாண்டையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் காவலாளி "குழந்தைக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டார். "அப்பனை விட நல்லாப் பண்ணும்" என்றேன்.

எடுத்ததை அங்கேயே போனிலிருந்து விண்ணப்பத்தில் ஏற்றினேன். முதல் படம் நிராகரிப்பு, வாயில் கட்டைவிரல். இரண்டாவதும் நிராகரிப்பு, அவள் இடுப்புக்குப் பக்கத்தில் என் விரல் நுனி, அதில் கிரீஸ் வேறு. மூன்றாவது தடவை மாடி எண்களை ஒவ்வொன்றாக எரியவிட்டேன். நீ சொன்னது சரி, மினுங்கினால் போதும். வாயை மூடிக்கொண்டு, ஏதோ பெரிய வழக்கை விசாரிக்கிற மாதிரி நேராகப் பார்த்தாள். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இனி உன் வேலை. இத்தோடு ஒரு பத்திரம் இணைத்திருக்கிறேன், தாயின் சம்மதப் பத்திரம். அச்செடுத்து, மையால் கையெழுத்துப் போட்டு, அசலைக் கூரியரில் இங்கே அனுப்ப வேண்டும். மற்றதெல்லாம் ஆன்லைன், இது ஒன்று மட்டும் காகிதம். இது வந்ததும் சமர்ப்பித்துவிடுவேன்.

கோட்டைத் திரும்ப மடித்து வைத்துவிட்டேன். உன் அளவுக்கு மடிப்பு வரவில்லை.

வாண்டு அப்பா

*

மார்ச் 8

பத்திரத்தை அச்செடுத்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "விண்ணப்பம் தொடங்கிய நாள்: ஜூன் 12."

போன ஜூன்! அவளுக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை அப்போது.

தூதரகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள்: "மேடம், முழு பாஸ்போர்ட்டுக்கு அன்னைக்கே எல்லாம் நிரப்பிக் கடைசிப் பக்கம் வரைக்கும் வந்திருக்கு. சமர்ப்பிக்கல, சேமிச்சு மட்டும் வச்சிருக்காங்க. இப்ப அதையே எடுத்துத் தற்காலிகம்னு மாத்தியிருக்காங்க."

புதிதாக ஒன்று நிரப்பச் சோம்பல்பட்டு மாட்டிக்கொண்டீர்கள். சைட் வேலை செய்யவில்லையா? மொழிபெயர்ப்பு வரவில்லையா? ஏழு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு அந்த ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் ஜனவரியில் என் குழந்தை என் இடுப்பில் இருந்திருப்பாள். பால் கட்டி, காய்ச்சல் வந்து, நான் இங்கே யாரிடமும் சொல்லாமல் கிடந்த நாட்கள் உங்களுக்குத் தெரியுமா?

கையெழுத்துப் போட்டு இன்றே கூரியரில் கொடுத்துவிட்டேன். அது அவளுக்காக. உங்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

*

மார்ச் 10

வாண்டு அம்மாவுக்கு,

நீ படிப்பாயோ, படிக்காமல் அழிப்பாயோ. எழுதிவிடுகிறேன்.

நீ எழுதினது அத்தனையும் உண்மை. ஜூன் 12 அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். கடைசிப் பக்கம் வந்தது, பச்சைப் பட்டன் வந்தது. நீ அப்போது குளியலறை வாசலில் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தாய். நீ தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. தையல் கடையில் விடுப்பை நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வந்ததிலிருந்து குழந்தையைத் தூக்கவில்லை என்று கோபம், அதுவும் நியாயமான கோபம். "அந்தப் பாஸ்போர்ட் மட்டும் வரட்டும். இவளைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போறேன். போனா இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டேன்" என்றாய்.

நான் "சேமித்து வை" என்பதை அழுத்தினேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் திறந்தால் நீ சொன்னது காதில் கேட்டது, மூடிவிட்டேன். அதற்கப்புறம் நீ கேட்கும்போதெல்லாம் ஒரு பொய் சொன்னேன். முதல் பொய்தான் கஷ்டமாக இருந்தது, மற்றதெல்லாம் தானாக வந்தது.

எனக்குப் பயம். உங்கள் இரண்டு பேரையும் விட்டால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? நீ போய்விடுவாய் என்று பயந்துதான் அப்படிச் செய்தேன். கடைசியில் என்ன ஆயிற்று? நீயும் போனாய், அதுவும் குழந்தை இல்லாமல், என்னால். ஜனவரியில் நீ செருப்பு மாட்டிவிட்டு மறுபடி கழற்றி உள்ளே ஓடிவந்து அவள் தலையை மோந்து பார்த்தாயே, அப்போதே உன் காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

*

மார்ச் 13

வாண்டு அம்மாவுக்கு,

கூரியர் வந்தது. உறைக்குள் பத்திரம் மட்டும் இருந்தது, வேறு துண்டுக் காகிதம்கூட இல்லை. இருக்கும் என்று நினைத்து உறையைக் கிழித்து உள்பக்கமும் பார்த்தேன்.

ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு அசலைத் தூதரகத்தில் நேரில் கொடுத்தேன். பகல் 11.40க்குப் பட்டனை அழுத்தினேன். ரசீது இத்தோடு இருக்கிறது. தேதியைப் பார்த்துக்கொள்.

வாண்டு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். கையை விட்டுவிட்டு நாலு விநாடி நின்றாள். நான் எண்ணினேன்.

*

மார்ச் 20

வாண்டு அப்பாவுக்கு,

இன்றைக்கு அவளுக்கு ஒரு வயது. காலையில் வீடியோவில் பார்த்தேன். கீழ்வீட்டம்மா வாங்கித் தந்த தொப்பியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் போனுக்குப் பின்னால் இருந்தீர்கள், அழுதீர்களா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

அவளுக்கு ஒரு சட்டை தைத்தேன். ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவள், பெற்ற பிள்ளைக்குக் குத்துமதிப்பாகத் துணி வெட்டுகிறேன். மார்பு எவ்வளவு, கை நீளம் எவ்வளவு என்று ஒன்றும் தெரியவில்லை. வெட்டிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அளவெடுத்து எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மெயிலைப் பத்து நாளாகப் படிக்கிறேன். அந்த வார்த்தையைச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. நீங்கள் இட்டுக்கட்டுகிறீர்கள் என்றுகூட முதலில் நினைத்தேன். அப்புறம் அந்த ஈரத்துணி ஞாபகம் வந்தது. சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியாதா? நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? கொட்டியது நான்தான்.

அதற்காக நீங்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது. ஒரு வார்த்தைக்கு ஏழு மாதம் பயந்தீர்களே, ஒரே ஒரு நாள் "நிஜமாவே போயிடுவியா?" என்று கேட்டிருக்கக் கூடாதா? "பைத்தியமா உங்களுக்கு? தூக்கம் இல்லாத கிறுக்குல சொன்னதைப் போய்ப் பிடிச்சுக்கிட்டு" என்று சொல்லியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் மார்ச் எட்டாம் தேதி இருந்த அளவுக்கு இல்லை. நாலு விநாடி என்று எழுதியிருந்தீர்களே, இப்போது எத்தனை?

வாண்டு அம்மா

*

ஏப்ரல் 1

வாண்டு அம்மாவுக்கு,

இன்றைக்கு என்ன தேதி என்று பார்த்துவிட்டு ஏமாற்றுகிறேன் என்று நினைக்காதே. பாஸ்போர்ட் வந்துவிட்டது!

மெல்லிசான புத்தகம், எட்டே பக்கம். உள்ளே நம் நீதிபதியம்மா லிஃப்டில் எடுத்த போட்டோவில் முறைத்துக்கொண்டிருக்கிறாள். கையெழுத்து இடத்தில் அவள் கட்டைவிரல் ரேகை. பக்கத்தில் சிவப்பு முத்திரை: "ஒருமுறைப் பயணத்துக்கு மட்டும்."

மார்பு ஐம்பது சென்டிமீட்டர், கை இருபத்தொன்று. லிஃப்ட் கயிறு அளக்கிற டேப்பில் எடுத்தது, முன்பின் இருந்தால் திட்டாதே. இப்போது பன்னிரண்டு விநாடி நிற்கிறாள், அப்புறம் பொத்தென்று உட்கார்ந்து தானே கை தட்டிக்கொள்கிறாள்.

எனக்கு ஆறு நாள்தான் விடுப்பு. போக வர ஆகும் நேரம் போக அங்கே நாலு நாள். அவளை உன்னிடம் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்ப வேண்டும். இந்த வீட்டுக்குள் நான் தனியாக நுழைந்து பார்த்ததே இல்லை. அவள் சாமான் மூலைக்கு மூலை கிடக்கிறது, அதை எடுத்து வைப்பதா, அப்படியே விடுவதா என்று இப்போதே யோசனை.

கேட்காமல் இருந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தேன். அதனால் இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன். அவள் உன் கைக்கு வந்ததும் திரும்பி வருவீர்களா? உனக்கு இங்கே அனுமதி கிடைக்காமலே போகலாம். கிடைத்தாலும் உனக்கு வர மனசு இல்லாமல் இருக்கலாம். அந்த ஊரில் உன் அப்பா இருக்கிறார், உனக்குக் கடை வைக்கத் தொழில் இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நீ என்ன பதில் சொன்னாலும் ஒன்பதாம் தேதி நாங்கள் ஏறுகிறோம். டிக்கெட் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வாண்டு அப்பா

*

ஏப்ரல் 3

வாண்டு அப்பாவுக்கு,

மெயிலை முதலில் நின்றுகொண்டு படித்தேன், அப்புறம் உட்கார்ந்து படித்தேன், அப்புறம் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "பத்தாம் தேதிக்குள்ள நான் எழுந்து நடந்தாகணும், பேத்தி வர்றப்ப படுத்துக் கிடந்தா மரியாதையா?" என்று அப்போதே வாக்கரைக் கேட்டார்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். குழந்தை உங்கள் கையில் இருக்கிறாள், நான் இங்கே ஏங்கிக்கொண்டு கிடக்கிறேன். இந்த நேரத்தில் "வருவேன்" என்று சொன்னால், குழந்தையை வாங்குவதற்காகச் சொன்னாள் என்று உங்களுக்கே ஒரு நாள் தோன்றும். எனக்கும் தோன்றும். அவள் என்னிடம் வந்த பிறகு, நீங்கள் எதையும் தடுக்க முடியாத இடத்தில் இருக்கும்போது சொல்கிறேன். அதுதான் பதில்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் எதையாவது உறிஞ்சக் கொடுத்துக்கொண்டே இருங்கள், காது அடைக்காது. மாற்றுத்துணி அவளுக்கு மட்டும் எடுக்காதீர்கள், உங்களுக்கும் ஒரு சட்டை கைப்பையில் வையுங்கள், அனுபவத்தில் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், என் சம்மதப் பத்திரத்தின் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். தகப்பன் மட்டும் குழந்தையோடு வந்தால் கேள்வி மேல் கேள்வி கேட்பார்களாம். கேட்டால் கோபப்பட்டு வைக்காதீர்கள்.

அவளிடம் என் போட்டோவைத் தினமும் காட்டுங்கள். போனில் இருப்பது வேண்டாம், சுவரில் இருக்கிறதே, அது.

வாண்டு அம்மா

*

ஏப்ரல் 18

வாண்டு அப்பாவுக்கு,

போய்ச் சேர்ந்தேன் என்று இரண்டு வார்த்தை அனுப்பினீர்கள். போனில் பேசலாம்தான். இப்போது பேசினால் சண்டை வராது, அழுகைதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

அந்த நாலு நாளை நீங்களே பார்த்தீர்கள். விமான நிலையத்தில் நான் கையை நீட்டியதும் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பினாளே. நான் சிரித்துச் சமாளித்தேன். "பழகிடுவாம்மா, பழகிடுவா" என்று நீங்கள் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். என்னை ஊட்டக்கூட விடவில்லை. மூன்றாம் நாள் சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், நீங்கள் வந்து பக்கத்தில் நின்று பாத்திரத்தைக் கழுவினீர்கள்.

கிளம்பும்போது நீங்கள் மறுபடி கேட்பீர்கள் என்று வாசல் வரை வந்தேன். கேட்கவே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவளின் காலைத் தொட்டுவிட்டு, எனக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

எழுந்ததும் உங்களைத் தேடினாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், அலமாரியைத் திறக்கச் சொல்லித் தட்டினாள். "ப்பா, ப்பா" என்று வீடு முழுக்கத் தவழ்ந்தாள். இதை மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன், நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று. ஆனால் இனி நமக்குள் மறைப்பு வேண்டாம். இரண்டு நாள் அப்படித்தான் போயிற்று. நான் தூக்கினால் விறைத்துக்கொண்டாள். தூங்கும்போது மட்டும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

நேற்று முன்தினம் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். அவளும் கீழ்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வேகம். திரும்பும் இடத்தில் அவள் கை நழுவி விழுந்தாள், நெற்றி தரையில் பட்டது. நல்ல அடி. உடனே அழவில்லை. வாயைக் கோணிக்கொண்டு யாரிடம் அழுவது என்று பார்த்தாள். முதலில் வாசலைப் பார்த்தாள், நீங்கள் இல்லை. அப்பாவைப் பார்த்தாள், அவரால் குனிய முடியாது. அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தையல் மிஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன், எழுந்தால் பயந்துவிடுவாளோ என்று. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வீறிட்டு அழுதுகொண்டு, ஐந்து அடி நடந்து என்னிடம் வந்தாள். தவழவில்லைங்க, நடந்து வந்தாள்! முகத்தை என் கழுத்தில் வைத்து அழுது தீர்த்தாள். அப்பாவும் அழுதார், இடுப்பு வலிக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு.

இப்போது மடியை விட்டு இறங்குவதில்லை. ஒரு கையால்தான் டைப் அடிக்கிறேன். வாசல் கதவு திறந்தால் இன்னும் "ப்பா" என்கிறாள். அதை நான் மறக்கவிடமாட்டேன், பயப்படாதீர்கள். சுவரில் உங்கள் போட்டோவை அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டியிருக்கிறேன். ஏற்கெனவே ஒரு மூலையைக் கடித்துவிட்டாள்.

என் அனுமதிக்கு நேர்காணல் வைத்திருக்கிறார்கள், மே ஆறாம் தேதி. கிடைக்கும் என்றுதான் தோன்றுகிறது. கிடைக்காவிட்டால் நீங்கள் இந்தப் பக்கம் வருகிற வழியைப் பார்ப்போம், லிஃப்ட் இங்கேயும்தான் பழுதாகிறது. எந்தப் பக்கம் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் மூன்று பேரும் ஒரே பக்கம். நீங்கள் ஏப்ரல் முதல் தேதி கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில்.

இன்று காலை அவளுக்கு முழு பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். பத்து வாரம் ஆகுமாம். தகப்பனின் சம்மதப் பத்திரம் இத்தோடு இருக்கிறது, மையால் கையெழுத்துப் போட்டு அசலைக் கூரியரில் அனுப்புங்கள். "பயணத்தின் நோக்கம்" என்று ஒரு கட்டம் இருந்தது. படிப்பு, வேலை, மருத்துவம், சுற்றுலா என்று வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. "மற்றவை" என்பதைத் தொட்டேன், விவரம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் திறந்தது. அதில் "அப்பா" என்று மட்டும் எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

உங்கள்
வாண்டு அம்மா